தீவகத்தின் வாக்குகளும் நிமலராஜனின் பேனாவும்

2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19 ஆம் திகதி இரவு. யாழ்ப்பாண நகரில் ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. படையினரின் காவலரண்களைத் தாண்டாமல் எவரும் நடமாட முடியாத உயர் பாதுகாப்பு வலயத்துள் இருந்த ஒரு வீட்டில், ஊடகவியலாளர் ஒருவர் தமது அறையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். யன்னலூடாக அவரைச் சுட்டவர்கள், போகும்போது வீட்டின்மீது கைக்குண்டு ஒன்றையும் வீசிச் சென்றனர். அவர் உயிரிழந்தார். அவருடைய பெற்றோரும் வீட்டிலிருந்த உறவுச் சிறுவன் ஒருவனும் காயமடைந்தனர். கொலையாளிகள் தப்பிச் சென்றனர். ஊரடங்கும் காவலரண்களும் அவர்களைத் தடுக்கவில்லை.

கொல்லப்பட்டவர் மயில்வாகனம் நிமலராஜன். இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல் நடந்து அன்றைக்கு ஒன்பதே நாட்கள் ஆகியிருந்தன. அத்தேர்தலைப் பார்வையிட ஐரோப்பிய ஒன்றியம் தனது கண்காணிப்புக் குழுவை அனுப்பியிருந்தது. சுதந்திரமான, நீதியான தேர்தல் எது என்பதற்கான அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஐரோப்பியர் பல ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்தனர். அதே அளவுகோலைக் கொண்டு தமது சொந்த மண்ணில் நடந்ததை அளந்து எழுதியவர் நிமலராஜன். வந்தவர்கள் அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பினர். இருந்தவர் கொல்லப்பட்டார். தொலைதூர வல்லமைகள் நம் போன்ற நாடுகளில் ஜனநாயக நெறிகளை ஊன்ற முயலும்போது உண்மையில் நிகழ்வது என்ன என்பதை அறிய விரும்புவோர் இம்மனிதரின் வாழ்வைத்தான் முதலில் படிக்க வேண்டும் என நாம் கருதுகிறோம்.

நிமலராஜன் பணியாற்றிய காலத்து யாழ்ப்பாணத்தை இன்றைய இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் படை நடவடிக்கையின்போது வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். டிசெம்பரில் நகரம் இராணுவத்தின் வசமானது. 1996 இன் நடுப்பகுதியில் மக்கள் மீண்டு வந்தபோது காணாமற்போவோர் பட்டியலும் கூடவே வளரத் தொடங்கியது. கைது செய்யப்பட்டுத் திரும்பாதோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். கண்டி வீதி மூடிக் கிடந்தது. கொழும்பு செல்வதானால் காங்கேசன்துறையிலிருந்து கப்பலிலோ, பலாலியிலிருந்து விமானத்திலோ, அதுவும் படையினரின் அனுமதியோடு மட்டுமே செல்ல முடியும். வெளியூர்ச் செய்தியாளர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி வடக்கே கால் வைக்க இயலாது. 1998 முதல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கையும் வந்து சேர்ந்தது.

இவ்வாறு சுற்றிலும் அடைக்கப்பட்ட ஒரு நிலத்திலிருந்து செய்தியை வெளியே எடுத்துச் சென்ற மிகச் சிலருள் நிமலராஜன் ஒருவர். பி.பி.சி.யின் தமிழோசை அவரது குரலை உலகத் தமிழரிடம் கொண்டு சென்றது. அதே நிறுவனத்தின் சிங்கள சேவையான சந்தேசயவுக்கும் அவர் செய்தி வழங்கினார். வீரகேசரியில் எழுதினார்; கொழும்பிலிருந்து வெளிவந்த ராவய என்னும் சிங்கள வார இதழுக்கும் எழுதினார். இக்கடைசிச் செய்தியை நாம் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. யாழ்ப்பாணத்துத் துயரைத் தமிழருக்குச் சொல்லியவர் பலர். தென்னிலங்கைச் சிங்களவரின் காதில் அவர்களது மொழியின் ஊடகங்கள் வழியாகவே அதனை விழச் செய்தவர் சிலரே. அரசின் பேச்சாளர்கள் சொன்னதற்கும் யாழ்ப்பாணத்துத் தெருவில் நடந்ததற்கும் இடையே இருந்த தூரத்தை இரு மொழி நேயர்களுக்கும் அவர் அளந்து காட்டினார். அதிகாரத்தில் இருந்தோருக்கு அவர் உறுத்தலானதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் தீவகம்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தியால் மேற்கே சென்றால் அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என வீதி நீளும். குறிகட்டுவான் இறங்குதுறையில் வீதி முடிந்து படகுப் பயணம் தொடங்கும். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்த நயினாதீவு ஒரு புறம். பவளக்கல் வேலிகளும் கட்டைக் குதிரைகளுமாகக் கடலுள் தனித்துக் கிடக்கும் நெடுந்தீவு மறுபுறம். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களையே சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் அரச ஆவணங்களில் வாழ்கிறது. ஐரோப்பா இத்தீவுகளுக்கு முதலில் கொண்டுவந்தது பெயரையும் கோட்டையையும் வரியையும். தேர்தல் நெறி பற்றிய பேச்சோடு அது வந்தது மூன்றரை நூற்றாண்டுகளின் பின்னர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகம் படையினரின் கைக்கு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருக்க, தீவகத்தில் கடற்படையும், அதன் அரவணைப்பில் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியாகிய ஈ.பி.டி.பி.யும் நிலைகொண்டன. தீவுகளை விட்டு மக்களில் பெரும்பகுதியினர் முன்பே வெளியேறியிருந்தனர். எஞ்சியோருக்குப் படகும் அரிசியும் பயண அனுமதியும் எல்லாம் அதிகாரத்தில் இருப்போரின் தயவில் தங்கியிருந்தன. அத்தகைய ஊரில் வாக்குச்சீட்டு என்பது எவ்வளவு சுதந்திரமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

1994 ஓகஸ்ட் 16 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தல் இதனை எண்ணிக்கையாலேயே காட்டியது. யாழ். மாவட்டத்தின் வாக்காளர் ஏறத்தாழ 6 இலட்சம் பேர். வாக்களித்தவர்களோ 14 ஆயிரத்துக்கும் குறைவு. தீவகத்திலும் சில இடங்களிலும் மட்டும் கிடைத்த சுமார் 10,700 வாக்குகளைக் கொண்டு ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழு மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஐப் பெற்றது. எஞ்சிய ஓர் ஆசனம் சுமார் 2,100 வாக்குகளுடன் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்குச் சென்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அகதிகளாகக் கிடந்த முஸ்லிம் மக்களும் அந்த மாவட்டத்தின் வாக்காளர்களே. ஒரு மக்கள் தம் வீட்டில் இருந்துகொண்டே வாக்களிக்க முடியவில்லை; மற்றொரு மக்கள் தம் வீட்டுக்கே போக முடியாமல் வாக்களித்தனர். இரண்டும் சேர்ந்துதான் அன்றைய யாழ். மாவட்டத்துப் பிரதிநிதித்துவம்.

அந்த ஒன்பது ஆசனங்களும் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. மிகக் குறைந்த பெரும்பான்மையுடன் ஆட்சியமைத்த சந்திரிகா குமாரதுங்கவின் அரசுக்கு அவை தாங்குதூணாயின. சில ஆயிரம் தீவக வாக்குகள் கொழும்பு ஆட்சியை நிலைநிறுத்த வல்லவை என்ற பாடத்தை அரசியலாளர்கள் அன்றே கற்றுக்கொண்டனர். அதன் பின்னர் தீவகத்து வாக்குப்பெட்டியைப் பற்றி எழுதுவது உள்ளூர்ச் செய்தி எழுதுவதாக இருக்கவில்லை. ஆட்சியின் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதாக இருந்தது.

1998 சனவரியில் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடத்தப்பட்டது. வழமை நிலை திரும்பிவிட்டதென உலகுக்குக் காட்டுவது அரசின் நோக்கம். தேர்தலுக்குப் பின் யாழ். மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் அரசும் அதனுடன் நின்ற ஆயுதக் குழுக்களும். மறுபக்கம் தேர்தலையே துரோகமாகக் கண்ட துப்பாக்கிகள். நடுவே நின்று உள்ளதை உள்ளபடி எழுதுவோருக்கு இரு பக்கமும் பகைதான். நிமலராஜன் அந்த நடுவெளியில் நின்று பணியாற்றினார்.

2000 ஆம் ஆண்டு பிறந்தது. ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதத்தில் அவசரகாலச் சட்டத்தின் கீழ்க் கடுமையான தணிக்கை வந்தது. யாழ்ப்பாணத்தின் உதயன் நாளிதழ் சில வாரங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டது. இத்தகைய சூழலில்தான் ஒக்டோபர் 10 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடந்தது.

அவ்வேளையில் ஐரோப்பாவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. அதுவரை ஒழுங்கின்றி நடந்துவந்த தேர்தல் கண்காணிப்புப் பணிக்கு முறையான கொள்கை ஒன்றை ஐரோப்பிய ஆணையகம் 2000 ஏப்ரலில்தான் வெளியிட்டது. அதன்பின் ஐரோப்பியர் கண்காணித்த தொடக்கத் தேர்தல்களுள் இலங்கையினதும் ஒன்று. அயர்லாந்தைச் சேர்ந்த ஐரோப்பிய பாராளுமன்ற உறுப்பினர் ஜோன் குஷ்னகன் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இக்குழுக்கள் அழைப்பின்றி வருவதில்லை. சில வாரங்கள் முன்பே வந்து தங்குவோர் சிலர். வாக்களிப்பு நாளையொட்டி வருவோர் பலர். அவர்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள். எதிலும் தலையிட மாட்டார்கள். வாக்களிப்பு முடிந்த சில நாட்களில் முதற்கட்ட அறிக்கை. சில மாதங்களில் பரிந்துரைகளுடன் முழு அறிக்கை. இதுதான் அவர்களது நடைமுறை.

இந்நடைமுறையின் வலிமையும் வரம்பும் ஒரே இடத்தில்தான் உள்ளன. அந்நியர் எவர் பக்கமும் சாராதவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆனால் அவருக்கு மொழி தெரியாது, ஊர் தெரியாது. அவர் சாவடிக்கு வரும் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அவர் வாகனம் பாலத்தைக் கடந்த பின் நடப்பது வேறு. செத்தவர்களின் பெயரிலும் வெளிநாட்டில் வாழ்வோரின் பெயரிலும் விழுந்த வாக்குகள் எவை என்பதை அந்த ஊரின் பெயர்ப்பட்டியலை நன்கறிந்தவர் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். முதல்நாளிரவு எந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டது என்பதை அந்த வீட்டார் நம்பிப் பேசக்கூடிய ஒருவரிடம் மட்டுமே சொல்வார்கள். அந்நியரின் அறிக்கையில் ஓரிரு வரிகளாகச் சுருங்கும் உண்மைக்குப் பின்னால், பெயரும் இடமும் நேரமும் தெரிந்த ஓர் உள்ளூர்ச் சாட்சி எப்போதும் இருந்தாக வேண்டும்.

யாழ். மாவட்டத்தின் சாட்சிகளுள் ஒருவராக நிமலராஜன் இருந்தார். தேர்தல் காலத்து அச்சுறுத்தல்களையும், குறிப்பாகத் தீவகத்தில் நடந்ததாகக் கூறப்பட்ட வாக்கு மோசடிகளையும் அவர் தொடர்ந்து வெளியிட்டார். முடிவுகள் வந்தபோது யாழ். மாவட்டத்தின் 9 ஆசனங்களில் ஈ.பி.டி.பி.க்கு 4, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 3, தமிழ்க் காங்கிரஸுக்கும் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் தலா ஒன்று கிடைத்தன. நாடளாவிய ரீதியில் பொதுஜன ஐக்கிய முன்னணி 107 ஆசனங்களையே பெற்றது. பெரும்பான்மைக்கு 113 தேவை. அஷ்ரப் அவர்கள் செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த துயரின் நடுவே தேர்தலைச் சந்தித்த தேசிய ஐக்கிய முன்னணியின் 4 ஆசனங்களும், ஈ.பி.டி.பி.யின் 4 ஆசனங்களும் சேர்ந்தே அரசைக் கரையேற்றின. ஈ.பி.டி.பி.யின் தலைவர் அமைச்சரவையில் இடம்பெற்றார். தீவகத்து வாக்குகள் செல்லுமா செல்லாதா என்ற வினா அந்த வாரத்தில் எத்துணைப் பாரமுடையதாக இருந்தது என்பதை வாசகர்களே உணரலாம்.

அந்த வாரத்தில்தான் யன்னல் வழியே துப்பாக்கி நீண்டது.

எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பும், நியூயோர்க்கில் இயங்கும் ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழுவும் கண்டித்தன. அவரது தேர்தல் செய்திகளே கொலைக்குக் காரணமாகலாம் எனச் சுட்டின. சந்தேகம் ஈ.பி.டி.பி.யைச் சேர்ந்தோர் மீது விழுந்தது. அக்கட்சி தனக்குத் தொடர்பில்லை என மறுத்தது. சிலர் கைதாகிப் பின்னர் பிணையில் வெளிவந்தனர். முதன்மைச் சந்தேகநபராகக் கருதப்பட்டவர் நாட்டைவிட்டே சென்றுவிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2021 இல் சட்டமா அதிபர் திணைக்களம் சந்தேகநபர்களுக்கு எதிரான நடவடிக்கையைக் கைவிட்டது. இக்கொலைக்காக எந்த நீதிமன்றமும் இதுவரை எவரையும் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கவில்லை. மனைவியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் விட்டுச் சென்றவர் நிமலராஜன். அக்குடும்பம் நீதியைக் காணாமலே கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

அப்படியானால் தொலைவிலிருந்து வந்த நெறிகளால் பயனேதும் விளையவில்லையா? விளைந்தது, அதனை மறைப்பது நேர்மையாகாது. 2001 இறுதியில் மீண்டும் தேர்தல் வந்தபோது ஐரோப்பியக் குழு குஷ்னகன் தலைமையிலேயே மீண்டும் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 28 ஆம் திகதி, தீவகத்திற்குப் பரப்புரைக்குச் சென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டனர். இருவர் கொல்லப்பட்டனர், மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயமடைந்தனர். உள்ளூர்ச் சாட்சிகள் இம்முறை வாய்மூடவில்லை. தேர்தலில் கூட்டமைப்பு 6 ஆசனங்களைப் பெற, ஈ.பி.டி.பி. இரண்டாகச் சுருங்கியது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தேனும், 2016 இல், நாரந்தனைத் தாக்குதலுக்காக யாழ். மேல் நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. நிமலராஜனுக்குக் கிட்டாத தீர்ப்பு அதே மண்ணில் மற்றொரு வழக்கில் கிட்டியது.

சட்டத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. சுதந்திரமான தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 17 ஆவது திருத்தம் 2001 ஒக்டோபரில் நிறைவேறியது. வாக்களிப்போர் அடையாள ஆவணம் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2004 இல் வந்தது. ஆள்மாறாட்ட வாக்குக்கு அது ஓரளவு கடிவாளமிட்டது. உள்நாட்டில் பவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டதை வெளிநாட்டு அறிக்கைகள் வலுப்படுத்தின. ஆயினும் அரசியலமைப்பில் எழுதப்பட்ட அந்தத் தேர்தல் ஆணைக்குழு உண்மையில் அமைக்கப்பட்டது 2015 இல்தான். இடையே 2010 இல் 18 ஆவது திருத்தம் பழையதைக் கவிழ்த்தும் விட்டது. வெளியார் தரும் அழுத்தத்தால் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைக்கலாம். அதை வாழ வைப்பதற்கு உள்ளிருப்போரின் விருப்பம் வேண்டும்.

இவ்விடத்தில் நம்மையும் நாம் அளந்துகொள்வது கடமை. நிமலராஜன் பற்றிக்கொண்ட அளவுகோல் அரசையும் அதன் துணைக் குழுக்களையும் மட்டும் அளப்பதற்கானதன்று. 2001 இல் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மக்களை இராணுவம் சோதனைச் சாவடிகளில் மறித்து வாக்களிக்க விடாததை ஐரோப்பியர் கண்டித்தனர். 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் திணித்த புறக்கணிப்பால் யாழ். மாவட்டத்தில் 1.2 வீதத்தினர் மட்டுமே வாக்களித்ததையும் அவர்கள் கண்டித்தனர். முதலாவதைக் கைதட்டி வரவேற்ற நம்மவருள் பலர் இரண்டாவதைக் கேட்டு முகம் சுளித்தனர். முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றிப் பேசுவோரிடம் இப்போது ஏன் அந்தப் பேச்சு என்று கேட்டவர்களும் நம்மிடையே இருந்தனர். தனக்குச் சாதகமான போது மட்டும் நெறியைப் போற்றும் பழக்கம் கொழும்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

வெளி வல்லமைகளின் நெறிக்கும் அதே குறை உண்டு. 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதன் விளைவாகப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் இருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேறுமாறு புலிகள் கோரினர். செப்டெம்பருக்குள் அவர்கள் போய்விட்டனர். எஞ்சியோர் நோர்வேயரும் ஐஸ்லாந்தியரும் மட்டுமே. போர் மீண்டும் மூண்டுகொண்டிருந்த வேளையில் பார்க்கும் கண்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அந்த மே மாதம் 13 ஆம் திகதிதான் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்டில் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அதே மே மாதத் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான யுனெஸ்கோ மாநாடு கொழும்பில் கூடியிருந்தது. மாநாடு நடந்துகொண்டிருக்கையில் யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். கொழும்பு மண்டபத்தில் வாசிக்கப்பட்ட பிரகடனம் கண்டி வீதியைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேரவில்லை.

போரின் பின்னர் ஐரோப்பா வேறொரு கருவியைக் கையில் எடுத்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்கும் நாடுகளுக்கு வழங்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உள்ளிட்ட மூன்றை இலங்கை மீறியதாகக் கூறி 2010 ஓகஸ்டில் நிறுத்தியது. 2017 மே மாதத்தில் மீள வழங்கியது. நிறுத்தியபோது ஆட்சியாளர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலைதான் ஆட்டங்கண்டது. எனினும் அக்கருவிக்கு ஒரு பயன் இருந்ததை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். 1979 இல் தற்காலிகமானது எனக் கொண்டுவரப்பட்டுத் தமிழ் இளைஞர்களைப் பல பத்தாண்டுகள் வதைத்த பயங்கரவாதத் தடைச்சட்டம், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம்கள் மீது திரும்பியது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவும் கவிஞர் அஹ்னாப் ஜஸீமும் சிறையிலிருந்தபோது, 2021 ஜூன் 10 ஆம் திகதி ஐரோப்பிய பாராளுமன்றம் வரிச்சலுகையை மறுபரிசீலிக்குமாறு தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஒருவரும் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மற்றவரும் பிணையில் வெளிவந்தனர்.

ஐரோப்பா மட்டுமே இவ்வாறு செயற்பட்டதென்றும் சொல்வதற்கில்லை. கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டபோது இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு குரல் கொடுத்தது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடிய 2021 பெப்ரவரியில் அரசு பணிந்து அடக்கத்துக்கு அனுமதி வழங்கியது. ஆனால் அடக்குவதற்கு முதலில் தெரிந்தெடுத்த இடம் எது? நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து 2018 இல்தான் தம் மண்ணுக்குத் திரும்பிய மீனவத் தமிழர் வாழும் இரணைதீவு. தீவாரைக் கேளாமலும் இறந்தோரின் உறவினரைக் கேளாமலும் எடுக்கப்பட்ட அம்முடிவு இரு சமூகங்களையும் மோதவிடக் கூடியதாக இருந்தது. தீவு மக்களின் எதிர்ப்புக்குப் பின் ஓட்டமாவடி தெரிவாயிற்று. வெளியிலிருந்து வந்த அழுத்தம் கதவைத் திறந்தது. திறந்த கதவின் வழியே எங்கே போவதென்று தீர்மானிக்கையில் சாதாரண மக்களின் குரல் மீண்டும் மறக்கப்பட்டது.

நிமலராஜனின் கதைக்குத் திரும்புவோம்; ஏனெனில் அது இன்னும் முடியவில்லை. 2022 பெப்ரவரியில், இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயர் பகுதியில் 48 வயதான ஒருவரை இலண்டன் பெருநகரப் பொலிஸாரின் போர்க்குற்றப் பிரிவினர் கைது செய்தனர். நிமலராஜன் கொலை தொடர்பான விசாரணையின் பகுதியாகவே அக்கைது இடம்பெற்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தொடர்பான 2001 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமே அதற்கு ஆதாரம். பின்னர் அவர் விசாரணை தொடரும் நிலையில் விடுவிக்கப்பட்டார். சந்தேகநபர் எவரும் குற்றவாளி அல்லர் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் கொழும்பில் மூடப்பட்ட ஒரு கோப்பு, அடுத்த ஆண்டே இலண்டனில் திறக்கப்பட்டது என்பது சிறிய செய்தியன்று. அது திறக்கக் காரணம், தீவகத்தில் நடந்ததையும் அதன் விளைவாக ஒரு வீட்டில் நடந்ததையும் யாரோ சிலர் திகதியிட்டு எழுதி வைத்திருந்ததே.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்து ஊடகவியலாளர்கள் அவருடைய படத்துக்கு விளக்கேற்றுகின்றனர். அது போதாது என்பதே நமது எண்ணம். ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் 2015 இலும் 2019 இலும் 2024 இலும் இந்நாட்டுக்கு வந்து சென்றனர். இனியும் வருவார்கள். தம் அறிக்கைக்குச் செய்தி தரும் உள்ளூர்ச் சாட்சிகள், தாம் விமானமேறிய பின் எந்நிலையில் வாழ்கிறார்கள் என்பதையும் அவர்கள் தம் பரிந்துரைகளுள் ஒன்றாக்க வேண்டும். வரிச்சலுகையைப் பற்றிப் பேசுவோர், கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களின் வழக்குகள் எந்நிலையில் உள்ளன என்பதையும் நிபந்தனைகளோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பிரித்தானியா தான் தொடங்கிய விசாரணையை முடிவுவரை கொண்டுசெல்ல வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நெடுந்தீவில் வாழும் ஒரு முதியவளின் வாக்கும், புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் திரும்பத் துடிக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வாக்காளர் பதிவும் ஒரே மதிப்புடையவை என்று ஏற்று, அவ்விரண்டிலும் எதற்குக் கேடு வந்தாலும் அதே வேகத்தோடு எழுதும் பழக்கத்தை நமது பத்திரிகைகள் கைக்கொள்ள வேண்டும். நிமலராஜன் அந்த இரவில் எழுதத் தொடங்கிய கட்டுரையைத் தொடர்வதற்கு நம் கையில் உள்ள வழி அது.